எஃகுத் தண்டா, கிராஃபைட் தண்டா?
கோல்ஃப் மட்டைத் தேர்வு குறித்த ஒரு விளக்கம்

தமிழ் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்கு வினைமுதற்பொருளையும் கருவிப்பொருளையும் ஒருங்கே உரியனவாக்கியுள்ளது. 'தச்சனால் செய்யப்பட்டது' என்பதில் வரும் 'ஆல்' உருபே 'உளியால் செய்யப்பட்டது' என்பதிலும் வருகிறது. செய்பவனும் அவன் கைக்கருவியும் ஓர் உருபின்கீழ் அமைந்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. எத்துணை உயர்ந்த கருவியாயினும் அது செய்பவனின் உடலுக்குப் பொருந்தாவிடில் வினை சிறப்பதில்லை. விளையாட்டுத் துறையில் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகக் கோல்ஃப் மட்டையின் தண்டினைக் கூறலாம். அத்தண்டு எஃகினால் அமைய வேண்டுமா, கிராஃபைட்டினால் அமைய வேண்டுமா என்னும் வினா அரை நூற்றாண்டாக ஆட்டக்காரரிடையே நிலவி வருகிறது. அவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

மட்டையும் தண்டும்

ஸ்காட்லாந்தில் வளர்ந்து உலகெங்கும் பரவிய கோல்ஃப் ஆட்டத்தில் ஒருவர் 14 மட்டைகள் வரை உடன் கொண்டு செல்லலாம். நெடுந்தொலைவு அடிப்பதற்குரியது டிரைவர் எனப்படும். குழியருகே பந்தை உருட்டுவதற்கெனத் தனி மட்டை உண்டு. இவற்றிற்கு இடைப்பட்ட தொலைவுகளுக்குப் பெரிதும் பயன்படுவன 'அயர்ன்' என்னும் மட்டைகள். இவற்றின் தலைப்பகுதி முற்காலத்தில் இரும்பினால் ஆனமையால் இப்பெயர் பெற்றன. தண்டிற்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. அயர்ன் மட்டைகள் எண்ணிட்டு வழங்கப்படுகின்றன. எண் கூடக் கூட முகத்தின் சாய்வு மிகும். பந்து உயர்ந்தெழுந்து குறைந்த தொலைவில் வீழும்.

டிரைவரிடம் நாம் வேண்டுவது தொலைவு. அயர்னிடம் வேண்டுவது அளவு. நூற்றைம்பது கஜத் தொலைவில் கொடி நின்றால் பந்து ஒவ்வொரு முறையும் அத்தொலைவிலேயே வீழ வேண்டும். ஒரு முறை நூற்றைம்பதும் மறுமுறை நூற்றறுபத்தைந்தும் செல்லும் மட்டையால் பயனில்லை. டிரைவரில் கிராஃபைட் ஏறத்தாழ முழு ஆட்சி பெற்றுவிட்ட பின்னரும், அயர்னில் மட்டும் இவ்வினா தீராதிருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

மரத்திலிருந்து கரியிழை வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அமெரிக்க ஹிக்கரி மரமே தண்டிற்குரிய பொருளாக விளங்கியது. அது உறுதி வாய்ந்ததாயினும் அடிக்கும்போது முறுக்கிக்கொள்ளும் இயல்புடையது. ஒரு தண்டைப் போல் மற்றொரு தண்டு அமைவதும் அரிது. எஃகுக் குழாய்த் தண்டினை அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1924ஆம் ஆண்டிலும், செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் ஆர் அண்ட் ஏ கழகம் 1929ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன. பாபி ஜோன்ஸ் 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் ஹிக்கரித் தண்டுகளைக் கொண்டே வென்றார். அடுத்த ஆண்டிலேயே பில்லி பர்க் எஃகுத் தண்டுகளுடன் அமெரிக்க ஓப்பன் பட்டத்தைப் பெற்றார். அதன் பின்னர் மரத்தின் காலம் விரைவில் முடிவுற்றது.

கிராஃபைட்டின் வரலாறு வானூர்தித் துறையோடு தொடர்புடையது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலுள்ள அரசு வானூர்தி ஆய்வகம் வலிமை மிக்க கரியிழைகளை உருவாக்கியது. அதே பத்தாண்டின் இறுதியில், 1969இல், ஷேக்ஸ்பியர் என்னும் அமெரிக்க விளையாட்டுப் பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிராங்க் தாமஸ் கிராஃபைட் தண்டினை வடிவமைத்தார். இவரே பின்னாளில் அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநராகப் பல்லாண்டுகள் பணிபுரிந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

தொடக்க காலத்துக் கிராஃபைட் தண்டுகள் எடை குறைந்திருந்தன; ஆனால் மிகுதியாக முறுக்கிக்கொண்டன. ஒரே பெயரில் விற்கப்பட்ட இரு தண்டுகள் இரு வகையாக நடந்துகொண்டன. 'கிராஃபைட் தொலைவு தரும், குறி தராது' என்னும் கருத்து அக்காலத்தில் வேரூன்றியது. அக்காலத் தண்டுகளுக்கு அது பொருந்தியதே. இன்றைய தண்டுகளுக்கும் அதனையே பொருத்திப் பேசுவது முறையன்று.

ஆக்கும் முறை

எஃகுத் தண்டு ஒரு குழாய். அதனைப் படிப்படியாக இழுத்து மெலியச் செய்து, வெப்பமூட்டிப் பதப்படுத்தி, துருப்பிடிக்காதவாறு குரோமிய முலாம் பூசுகின்றனர். உலோகம் எத்திசையிலும் ஒரே இயல்புடையது. எனவே ஒரு தண்டைப் போலவே மற்றொன்றை ஆக்குவது எளிது, விலையும் குறைவு.

கிராஃபைட் தண்டு என வழங்கப்படுவது உண்மையில் கரியிழையும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருள். பென்சிலினுள் இருக்கும் மென்மையான கிராஃபைட்டை இதனோடு மயங்கக் கூடாது. பிசின் தோய்ந்த கரியிழைத் தாள்களை வெட்டி, ஓர் எஃகுக் கோலின்மீது சுருட்டி, மேலே நாடா சுற்றி, அடுப்பில் வேகவைக்கின்றனர். பிசின் இறுகியதும் கோலை உருவிவிடுகின்றனர். இழைகளைத் தண்டின் நீளப்போக்கில் வைத்தால் வளைவு குறையும். சாய்கோணத்தில் குறுக்காக வைத்தால் முறுக்கம் குறையும். ஆகவே ஆக்குவோர் தாம் வேண்டியவாறு தண்டின் இயல்பை அமைக்க இயலும். எஃகு தராத உரிமை இது. ஆயின் தாள் ஒன்று பிறழ்ந்தால் தண்டும் பிறழும். மலிவான கிராஃபைட் தண்டுகளில் குறை காணப்படுவதற்கு இதுவே காரணம்.

எடையின் வேறுபாடு

எஃகின் அடர்த்தி கன செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், கரியிழைக் கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 1.6 கிராம். அயர்னுக்குரிய எஃகுத் தண்டுகள் பெரும்பாலும் 90 முதல் 130 கிராம் வரை எடையுள்ளவை. கிராஃபைட் தண்டுகள் பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் வரை அமைகின்றன. இன்று நூறு கிராமைத் தாண்டிய கிராஃபைட் தண்டுகளும் கிடைக்கின்றன.

எடை குறைந்தால் மட்டையைச் சற்று விரைவாக வீச இயலும். உடல் வலிமை குறைந்தோர்க்கு இது பெருந்துணை. வலிமை மிக்கோர்க்கோ, மிக இலகுவான மட்டை கையின் அவசரத்திற்கு இடங்கொடுத்து, வீச்சின் ஒழுங்கைக் குலைப்பதுண்டு. தொழில்முறை ஆட்டக்காரருள் பெரும்பாலோர் அயர்னில் எஃகை விரும்புவது இதனாலேயே. எனினும் 2020இல் அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்ற பிரைசன் டிஷாம்போ அயர்ன்கள் உட்பட எல்லா மட்டைகளிலும் கிராஃபைட் தண்டுகளையே பயன்படுத்தினார். ஆற்றல் மிக்கோர்க்குக் கிராஃபைட் ஆகாது என்னும் கூற்றை இந்நிகழ்ச்சி தகர்த்தது.

வளைவும் முறுக்கமும்

தண்டின் வளைவை எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்னும் எழுத்துகளால் குறிப்பர். எல் மிக நெகிழ்வானது. எக்ஸ் மிக விறைப்பானது. இவ்வெழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் 'ஆர்' மற்றொரு நிறுவனத்தின் 'எஸ்' போல விறைப்பாக இருக்கக்கூடும். ஆகவே எழுத்தை மட்டும் நம்பி வாங்குவது ஏமாற்றத்தில் முடியலாம்.

வீச்சின் வேகத்திற்கு மேல் விறைப்பான தண்டு பந்தைத் தாழ்வாகச் செலுத்த முற்படும். மிக நெகிழ்வான தண்டு உயரமாகச் செலுத்த முற்படும். எஃகிலும் நெகிழ்வானது உண்டு. கிராஃபைட்டிலும் விறைப்பானது உண்டு. ஆகவே தண்டு எப்பொருளால் ஆனது என்பதனினும், அதன் எடை யாது, வளைவு எத்தகையது என்பனவே முதலில் கேட்கத்தக்க வினாக்கள்.

அதிர்வும் உடலும்

மட்டையும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். அடியைக் கை உணருமுன் பந்து புறப்பட்டுவிடுகிறது. ஆதலின் கைக்கு வரும் அதிர்வு அவ்வடியை மாற்றுவதில்லை. அடுத்த அடிக்கு அது பாடமாக அமையும். பந்து முகத்தின் நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்பதை எஃகு தெளிவாக உணர்த்தும். பயிலும் இளைஞர் பலர் இவ்வுணர்வை மதித்து எஃகை நாடுகின்றனர்.

ஆனால் அதே அதிர்வு மூட்டுகளையும் சென்றடைகிறது. அயர்ன் பந்தை மட்டுமன்றித் தரையையும் தாக்கும் மட்டை. இறுகிய நிலத்தில் பயிற்சிக்காக நூறு பந்துகள் அடிப்பவர் நூறு அதிர்ச்சிகளை முழங்கையில் ஏற்கிறார். முழங்கையின் உட்புறத் தசைநாண்களில் தோன்றும் வலிக்கு இவ்விளையாட்டின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. கரியிழையும் பிசினும் அதிர்வைத் தணிக்கும் ஆற்றலுடையவை. ஆகையால் மூட்டுவலி உடையோர்க்கும் முதியோர்க்கும் கிராஃபைட் பரிந்துரைக்கப்படுகிறது. தண்டை மாற்றுவது மருத்துவம் ஆகிவிடாது. வலி நீடிப்பின் மருத்துவரை நாடுவதே முறை.

இங்கேதான் மானம் குறுக்கிடுகிறது. 'கிராஃபைட் முதியோர்க்கும் மகளிர்க்கும் உரியது' என்னும் பேச்சு ஆட்டக்களங்களில் நெடுநாளாக வழங்குகிறது. அப்பேச்சிற்கு அஞ்சி, வலியைப் பொறுத்துக்கொண்டு கனத்த எஃகையே ஏந்துவோர் உண்டு. அதனால் அவர்கள் இழப்பது சில கஜத் தொலைவு மட்டுமன்று; மேலும் பல ஆண்டுகள் ஆடியிருக்கக்கூடிய வாய்ப்பையே இழக்கின்றனர்.

வாங்குவோர் கருத்தில் கொள்ளத்தக்கவை

முதலாவதாக, பழைய எஃகு மட்டையோடு புதிய கிராஃபைட் மட்டையை ஒப்பிடுதல் கூடாது. 1970களில் 7ஆம் எண் அயர்னின் முகச்சாய்வு ஏறத்தாழ 38 பாகையாக இருந்தது. இன்று பல மட்டைகளில் அது 30 பாகைக்கும் குறைந்துள்ளது. புதிய மட்டை பத்துக் கஜம் கூடுதலாக அடித்தால் அப்பெருமை தண்டிற்கு உரியதன்று. சாய்வின் மாற்றத்திற்கே பெரிதும் உரியது. ஒரே தலை, ஒரே சாய்வு, இரு தண்டுகள் என வைத்து ஒப்பிடுவதே நேர்மையான சோதனை.

இரண்டாவதாக, ஒவ்வொன்றாலும் பத்துப் பந்துகளேனும் அடித்துப் பார்த்தல் வேண்டும். மிகத் தொலைவில் வீழ்ந்த ஒரு பந்தை மறந்துவிட்டு, பத்தும் எத்துணை நெருக்கமாக வீழ்ந்தன என்று நோக்குதல் நலம். களைப்புற்ற பின்னரும் ஒருமுறை சோதித்தல் சிறப்பு. ஏனெனில் ஆட்டத்தின் இறுதிக் குழிகளில் கையிலிருப்பது களைத்த உடலே.

மூன்றாவதாக, பழைய தலைகளில் எஃகை நீக்கிக் கிராஃபைட்டைப் பொருத்துவோர் மட்டையின் சமநிலை மாறுவதை அறிதல் வேண்டும். தண்டின் எடை குறைவதால் தலைப்பக்கம் இலகுவாகத் தோன்றும். நீளத்தைச் சற்றுக் கூட்டியோ தலையின் எடையைக் கூட்டியோ இதனைச் சரிசெய்வர்.

நான்காவதாக, முன்பே பயன்படுத்தப்பட்ட மட்டையை வாங்குவோர் எஃகில் துருவையும் வளைவையும், கிராஃபைட்டில் ஆழ்ந்த கீறலையும் வெடிப்பையும் ஆராய்தல் வேண்டும். இழை அறுபட்ட கிராஃபைட் தண்டு திடீரென முறியக்கூடும்.

முடிவுரை

வேகமான வீச்சும் நோயற்ற மூட்டுகளும் உடையவர், விலையைக் கருதுபவர், அடியின் உணர்வைப் பெரிதும் மதிப்பவர் ஆகியோர்க்கு எஃகு ஏற்றது. மென்மையான வீச்சுடையவர், மூட்டுவலியுடையவர், பந்தை உயர்த்த இயலாமல் இடர்ப்படுபவர் ஆகியோர்க்குக் கிராஃபைட் ஏற்றது. நெடுந்தொலைவு அயர்ன்களில் கிராஃபைட்டும் குறுந்தொலைவு அயர்ன்களில் எஃகும் எனக் கலந்து கொள்வோரும் உளர், அதிலும் பிழையில்லை.

கருவியின் பெருமை அதனைப் பிறர் மதிப்பதால் அமைவதன்று. ஏந்தியவனின் வினைக்கு அது துணையாவதால் அமைவது. தன் கைக்கும் தன் வயதிற்கும் பொருந்திய தண்டினை நாணமின்றித் தேர்ந்துகொள்பவர் நெடுங்காலம் களத்தில் நிற்பார் என்பது நம் துணிபு.