இயந்திரம் இல்லாத காலப் பயணம்

ஹைதராபாத்தில் பாலாநகர் மெட்ரோ நிலையத்தில் எல்.பி.நகர் வண்டியைப் பிடித்தால், மாறாமலே எம்.ஜி.பி.எஸ். நிலையத்தில் போய் இறங்கலாம். மூசி ஆற்றைத் தாண்டினால் சாலார் ஜங் அருங்காட்சியகம். அங்குள்ள பழைய கடிகாரத்திலிருந்து மணிக்கு மணி ஒரு பொம்மை மனிதர் வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே போவார். பகல் 12 மணிக்குத்தான் கூட்டம் நெரியும். பன்னிரண்டு அடியையும் பார்த்துவிடலாமே!

தெலுங்கு சினிமா காலத்தைத் தாண்டியதும் இந்த அருங்காட்சியகத்தை வைத்துத்தான். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘ஆதித்யா 369’ 1991 ஜூலையில் வந்தது. சாலார் ஜங்கில் இருக்கும் கிருஷ்ணதேவராயர் காலத்து வைரத்துக்குக் குறிவைக்கிறது திருட்டுக் கும்பல். பாலகிருஷ்ணாவும் மோகினியும் விஞ்ஞானி ஒருவரின் இயந்திரத்தில் ஏறி 1526க்குப் போகிறார்கள், பிறகு 2504க்கு. இசை இளையராஜா. தமிழில் ‘அபூர்வ சக்தி 369’ என்ற பெயரில் பேசியது.

கால் நூற்றாண்டு கழித்து, 2016இல், ஜப்பானிய இயக்குநர் மாகோட்டோ ஷின்காய் ‘யுவர் நேம்’ எடுத்தார். இதில் இயந்திரமே கிடையாது. மலையூர்ப் பெண் மிட்சுஹாவும் டோக்கியோ பையன் டாக்கியும் தூங்கி எழும்போது உடல் மாறிக் கிடக்கிறார்கள். ஜப்பானில் மட்டும் 2,500 கோடி யென்னுக்கு மேல் வசூல்.

படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இருவருக்கும் நடுவே மூன்று ஆண்டு இடைவெளி. வால்நட்சத்திரத் துண்டு விழுந்து அவள் ஊர் அழிந்த பிறகுதான் அவன் அவளைத் தேடிப் புறப்படுகிறான். 2011 சுனாமியின் துயரம் இந்தக் கதைக்குள் இருப்பதை ஷின்காயே சொல்லியிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்து நேரில் பார்த்துக்கொள்வது அந்தி வேளையில் மட்டுமே. இரவும் இல்லை, பகலும் இல்லை. இரணியன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பொழுதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதித்யாவில் காலம் என்பது போய்ப் பார்த்துத் திரும்பும் ஊர். போன இடமெல்லாம் வேடிக்கை. ஷின்காயிடம் அது பின்னிய கயிறு. மிட்சுஹாவின் பாட்டி மலையேறும் வழியில் அதைத்தான் சொல்லித்தருகிறாள். பேத்தி தன் தலைமுடியில் கட்டிய சிவப்புக் கயிற்றை, தன்னை இன்னும் அறியாத டாக்கியிடம் நெரிசலான ரயிலில் கொடுத்துவிட்டு இறங்குகிறாள். பிரம்மாண்டத்தில் ஆதித்யாவை இது நெருங்காது. மனதைப் பிசைவதில் ஆதித்யா இதை நெருங்காது.

மறுமுறை பார்ப்பவர்கள் தொடக்கக் காட்சிகளில் டாக்கியின் மணிக்கட்டைக் கவனியுங்கள். கயிறு அங்கேதான் இருக்கிறது.