சதை எடுத்துப் பார்த்தாச்சா?

"கத்தி பட்டா பரவிடும், ஊசி குத்தவே விடாதீங்க!" நுரையீரலில் கட்டி என்ற பேச்சு எழுந்த வீட்டுக்கு முதலில் வந்து சேரும் அறிவுரை இதுதான். சென்னை அசோக் நகரில் எங்கள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அறுபதைத் தாண்டியவர். சிகரெட் வாடையே ஆகாது. இருமல் நிற்கவில்லை, எக்ஸ்ரேயில் நிழல். ‘டிபியாத்தான் இருக்கும்’ என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். மாதங்கள் ஓடின, எடைதான் குறைந்தது. கடைசியில் சதைப் பரிசோதனை செய்தபோது நோய் எலும்புவரை போயிருந்தது.

நம் நாட்டில் நுரையீரல் புற்றை டிபி என்று எண்ணி மருந்து கொடுப்பது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகும் விஷயம். இருமல், சளியில் ரத்தம், எடைக் குறைவு, நிழல் எல்லாம் இரண்டுக்கும் பொது. டிபி அதிகமுள்ள ஊரில் டாக்டரின் யோசனை முதலில் அங்கே போவது இயல்பு. ஆனால், டிபியை எப்படி அணுக வேண்டும் என்று உலகத்துக்கே காட்டியது இந்தச் சென்னைதான். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம், 193 நோயாளிகளில் ஒரு பிரிவினரை சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பிரிவினரை வீட்டிலேயே இருக்கச் சொல்லியும் மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் டிபி சிகிச்சையை மாற்றியது. சளியில் கிருமி இருப்பது உறுதியானவர்களைத்தான் அந்த ஆய்வில் சேர்த்தார்கள். நிழலை மட்டும் பார்த்து மாத்திரை எழுதும்போது விட்டுப்போவது அந்த ஒழுங்குதான்.

சதை எடுப்பதில் பயப்பட என்ன இருக்கிறது? சி.டி. மெஷினில் படுக்கவைத்து, தோலை மரக்கச் செய்து, படத்தைப் பார்த்தபடியே விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்துவார்கள். நடுநடுவே மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். வெளியே வருவது சேமியாத் துண்டு போல ஒரு வெளிறிய இழை. அது ஃபார்மலின் பாட்டிலுக்குள் போகும். டிபி சந்தேகமும் இருந்தால் இன்னொரு துண்டு சலைனில் போக வேண்டும். ஃபார்மலினில் விழுந்த சதையில் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியிருந்தால், உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி. ஊசி குத்தியபின் சிலருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரலாம், சளியில் கொஞ்சம் ரத்தம் வரலாம். அதனால்தான் சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஊசி போன வழியில் புற்று பரவுவது மிக மிக அரிது. பரிசோதனையைத் தள்ளிப்போட்ட மாதங்களில் அது பரவுவதுதான் அன்றாடம் நடக்கிறது.

அந்த இழையின் மதிப்பு 2004-க்குப் பிறகு பல மடங்கு கூடிவிட்டது. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ள கட்டிகள் ஜெஃபிடினிப் மாத்திரைக்குக் கட்டுப்படுகின்றன என்று அந்த ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். புகைபிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இந்த மாற்றம் கூடுதலாகத் தென்படுகிறது. மேலை நாட்டவரைவிட இந்தியர்களிடம் அதிகம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, இந்த மாற்றத்தோடு முற்றிய நிலையில் இருந்த 350 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் சுமார் 8 மாதம் அடங்கியிருந்தது. கூடவே கீமோதெரபியும் பெற்றவர்களுக்கு 16 மாதம். பக்கவிளைவுகள் கூடத்தான் செய்தன, நோய் முழுதாக ஒழிந்துவிடவும் இல்லை. என்றாலும் ஒரு குடும்பத்துக்கு அந்த எட்டு மாதம் சின்ன விஷயமா? 2020-ல் வெளியான இந்த ஆய்வை நம் டாக்டர்கள் நம் நோயாளிகளை வைத்தே செய்தார்கள் என்பதை நினைத்தால் மனம் நிறைகிறது. ஆனால், சதையோ ரத்தமோ எடுத்து மரபணுவைச் சோதிக்காதவருக்கு இந்த வழி திறக்காது.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆபரேஷனிலேயே குணமாக வாய்ப்புண்டு. நம்மிடம் பெரும்பாலோர் அந்தக் கட்டம் தாண்டித்தான் வருகிறார்கள்.

எனவே, டிபி மாத்திரை எழுதிக் கொடுத்தால், "சளியில் கிருமி தெரிந்ததா டாக்டர்?" என்று கேளுங்கள். கிருமி தெரியாமலே மருந்து தொடங்கி, ஓரிரு மாதத்தில் இருமலும் நிழலும் குறையவில்லையென்றால், "சதை எடுத்துப் பார்க்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பரிசோதனை முடிந்ததும் சதையைப் பதித்து வைத்த பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனாலும் வேறெங்கு போனாலும் முதலில் கேட்பது அவற்றைத்தான்.