பதினெட்டு வயதில் ஒரு விசாரணை

2014 ஜூலை. கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிகள் தொடங்கச் சில நாள்களே இருந்தன. இந்திய அணியிலிருந்து ஒரு பெயர் நீக்கப்பட்டது. டூட்டி சந்த், ஒடிசாவைச் சேர்ந்த ஓட்டக்காரர், வயது 18. முந்தைய மாதம்தான் தைபேயில் நடந்த ஆசிய ஜூனியர் போட்டியில் 200 மீட்டரிலும் 4x400 தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்று திரும்பியிருந்தார். ஊக்கமருந்து புகார் எதுவும் அவர்மேல் இல்லை. காலில் காயமும் இல்லை. அவர் உடலில் இயற்கையாகவே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், பெண்கள் பிரிவில் ஓடுவதற்குச் சர்வதேச தடகளக் கூட்டமைப்பு வகுத்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று சொன்னார்கள்.

அறிவிப்பில் பெயர் இல்லை. ஆனால், பட்டியலில் யார் காணவில்லை என்று பார்த்தாலே தெரிந்துவிடுமே! சில நாள்களிலேயே டூட்டியின் பெயரும் படமும் நாளிதழ்களில் வந்துவிட்டன. ‘பாலினச் சோதனையில் தோல்வி’ என்று தலைப்புப் போட்டார்கள். பள்ளித் தேர்வில் தோற்றால்கூடப் பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் போடுவதில்லை. இங்கே ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவ விவரம், அவருக்கே முழுதாகப் புரியுமுன் நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில், பிராமணி ஆற்றங்கரையில் இருக்கிறது சாகா கோபால்பூர். டூட்டி பிறந்த ஊர். அப்பா, அம்மா இருவரும் நெசவாளர்கள். ஏழு பிள்ளைகள். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். அக்கா சரஸ்வதி முதலில் ஓட ஆரம்பித்தார், பின்னாலேயே தங்கையும் ஓடினார். ஆற்று மணலிலும் மண் ரோட்டிலும் செருப்பில்லாத கால்களோடு எடுத்த பயிற்சி அது. 2006-ல், பத்து வயதில், அக்காவோடு அரசு விளையாட்டு விடுதியில் சேர்ந்தார். 2012-ல் 18 வயதுக்குட்பட்டோருக்கான தேசியப் போட்டியில் 100 மீட்டரை 11.8 விநாடியில் ஓடி முதலிடம். அடுத்த ஆண்டு உக்ரைனின் டோனெட்ஸ்க் நகரில் நடந்த உலக இளையோர் போட்டியில் 100 மீட்டர் இறுதிச் சுற்று வரை போனார். உலகப் போட்டி ஒன்றில் அந்த இடத்துக்கு அதுவரை எந்த இந்தியரும் வந்ததில்லை.

இந்தியாவில் ஏழை வீட்டுப் பெண் எதற்காக ஓடுகிறாள் என்பதை நாம் மறைக்காமல் பேச வேண்டும். பதக்கத்துக்குப் பின்னால் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை இருக்கிறது. ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு நியமன உத்தரவு வந்துவிட்டால் வீட்டுக்குக் கூரை மாறும், தம்பி தங்கை படிப்பார்கள், கடன் அடையும். விடுதியில் மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்கிறது என்பதற்காகவே மகளை அனுப்பிய பெற்றோர் உண்டு. அதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால், ஒரு குடும்பத்தின் மொத்த நம்பிக்கையும் ஒரு பதின்வயதுப் பெண்ணின் கால்களில் ஏறி உட்காரும்போது, அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுகிறார்கள். வீடு, ஊர், பயிற்சியாளர், சம்மேளனம், கடைசியில் தேசம். இவ்வளவு பேருக்கும் அவள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கருத்து இருக்கிறது. அவளைத்தான் யாரும் கேட்பதில்லை.

கிளாஸ்கோவுக்கு முன்பு டூட்டியை டெல்லிக்கு வரச்சொன்னார்கள். வழக்கமான ஊக்கமருந்துப் பரிசோதனை என்றே நினைத்துப் போனதாக அவர் பின்னாளில் சொன்னார். அங்கே எடுத்தது அல்ட்ராசவுண்ட். பிறகு பெங்களூரு முகாமில் ரத்தம், எம்.ஆர்.ஐ., குரோமோசோம் என்று சோதனை மேல் சோதனை. எதற்கு என்று புரியும்படி எடுத்துச் சொல்ல ஆளில்லை.

சர்வதேசக் கூட்டமைப்பு 2011-ல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு லிட்டர் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 10 நானோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும். மீறினால் இரண்டே வழி: மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஓட்டத்தை விட்டுவிட வேண்டும். ‘ஒரு மாத்திரைதானே’ என்று வெளியிலிருந்து சொல்லிவிடலாம். 2013-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வளரும் நாடுகளின் கிராமப்புறங்களைச் சேர்ந்த நான்கு வீராங்கனைகள், வயது 18 முதல் 21. இந்த விதியின் கீழ் சிக்கி பிரான்சுக்கு வந்தவர்கள். அவர்கள் உடலுக்குள் இருந்த சுரப்பிகளை வெட்டி எடுத்தார்கள். அந்தச் சுரப்பிகள் அப்படியே இருந்திருந்தாலும் உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்று அந்த மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். சுரப்பிகளோடு நிற்கவில்லை. ஓட்டத்தோடு எந்த விதத்திலும் தொடர்பில்லாத பிறப்புறுப்புப் பகுதியிலும் கத்தி வைத்தார்கள். ஓட வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக அந்தப் பெண்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள். அந்த வயதில், அந்த நிலையில், அதைச் சம்மதம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

டூட்டி மறுத்தார். என் உடம்பில் என்ன கோளாறு, எதற்குச் சிகிச்சை என்று கேட்டார். பெண்ணாகப் பிறந்தேன், பெண்ணாகவே வளர்ந்தேன், இப்படியேதான் ஓடுவேன் என்பதில் உறுதியாக நின்றார்.

அவருடைய துணிச்சலைப் பாராட்டி நிறைய எழுதிவிட்டார்கள். அவரோடு நின்றவர்களைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். பாலினமும் விளையாட்டும் குறித்து ஆய்வு செய்த பயோஷ்ணி மித்ரா ஆலோசகராக வந்தார். விதி என்ன சொல்கிறது, எங்கே முறையிடலாம் என்று டூட்டிக்கு விளக்கியவர் அவர்தான். டொரான்டோவைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். இந்திய விளையாட்டு ஆணையம் மேல்முறையீட்டுக்குத் துணை நின்றது. 2015 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. ஆங்கிலம் சரளமாக வராத 19 வயதுப் பெண், உலகத் தடகளத்தின் தலைமை அமைப்புக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பேச்சு முழுக்க அவருடைய உடலைப் பற்றி.

ஜூலை 24 அன்று வந்த இடைக்காலத் தீர்ப்பு, அந்த விதியை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. டெஸ்டோஸ்டிரோன் ஓட்டத்துக்கு உதவும் என்பதை நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால், இயற்கையாகவே கூடுதலாகச் சுரக்கும் பெண்ணுக்கு அதனால் கிடைக்கும் அனுகூலம், அவரைப் பெண்கள் பிரிவிலிருந்தே விலக்கும் அளவுக்குப் பெரியது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். நல்ல உணவு, நல்ல பயிற்சி, உயரம், மரபணு என்று அனுகூலங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றையெல்லாம் யாரும் அளந்து பார்த்து வெளியே அனுப்புவதில்லை. பிராமணி மணலில் வெறுங்காலோடு ஓடிய பிள்ளையும் சிந்தெடிக் டிராக்கில் வளர்ந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பதை நியாயமான போட்டி என்று ஏற்கிற நாம், ஹார்மோன் என்றதும் மட்டும் பதறுகிறோம்.

அடுத்த ஆண்டு அல்மாட்டியில் 100 மீட்டரை 11.24 விநாடியில் ஓடி ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார் டூட்டி. 1980-ல் பி.டி.உஷா ஓடிய பிறகு ஒலிம்பிக் 100 மீட்டரில் இந்தியப் பெண் ஒருவர் நின்றது அப்போதுதான். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 100, 200 இரண்டிலும் வெள்ளி. ஒடிசா அரசு மூன்று கோடி ரூபாய் அறிவித்தது. முன்பு எட்டிப் போனவர்கள் மாலையோடு வந்தார்கள்.

மாலை வாடுவதற்குள் அடுத்த விசாரணை தொடங்கியது. இந்த முறை வீட்டுக்குள்.

2018 செப்டம்பர் 6 அன்று, தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 மே மாதம், தன் ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணை நேசிப்பதாக டூட்டி வெளிப்படையாகச் சொன்னார். இந்தியாவின் முன்னணி விளையாட்டு வீரர்களில் யாரும் அதுவரை இப்படிச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணின் பெயரை அவர் சொல்லவில்லை, தேவையில்லாத வெளிச்சம் அவர்மேல் விழக் கூடாது என்று காத்தார். வீட்டில் புயல் அடித்தது. அம்மா ஏற்கவில்லை. அக்காவோடு இருந்த மனத்தாங்கல் தொலைக்காட்சி வரை வந்தது. ஓடக் கற்றுக்கொடுத்த அதே அக்கா. ஊரில் தலைகாட்ட முடியாது, சொந்தபந்தம் என்ன சொல்லும் என்ற பேச்சு, மூன்று கோடி வந்தபோது எழுந்த பெருமையைவிட உரக்கக் கேட்டது.

அப்போது டூட்டிக்கு 23 வயது. ஐந்து வருடம் முன்னால், அந்தப் பதினெட்டு வயதில், இதைச் சொல்லியிருக்க முடியுமா? நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைத்தான். ‘நீ பெண்தானா?’ என்று கேட்டு உடலைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் ஓர் இளம்பெண், ‘நான் ஒரு பெண்ணை நேசிக்கிறேன்’ என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? குட்டை முடி, இறுகிய தோள், கட்டைக் குரல் என்று அவர்கள் சேர்த்துவைத்த ‘சாட்சியங்களில்’ அதுவும் ஒன்றாகியிருக்கும். 2019-ல் அப்படித்தான் ஆனது. ‘பார்த்தீர்களா, அன்றைக்கே சொன்னோமே’ என்ற ரகத்தில் எத்தனை பின்னூட்டங்கள்!

ஹார்மோன் அளவு வேறு. ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது வேறு. அவர் யாரை நேசிக்கிறார் என்பது வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரூபிக்க முடியாது. டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக உள்ள பெண்கள் ஆண்களைக் காதலித்துக் கல்யாணம் செய்து வாழ்கிறார்கள். தன்பால் ஈர்ப்புள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோனில் எந்த வித்தியாசமும் இல்லை. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு பெண்ணின் தலையில் ஏற்றியதுதான் டூட்டிக்கு நடந்த அநியாயம்.

வீட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே கோடையில், 2019 ஜூலையில், இத்தாலியின் நேபிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார் டூட்டி. 2021-ல் 11.17 விநாடி, தேசிய சாதனை. பிறகு வந்த சறுக்கலையும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் எடுத்த மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாக, 2023 ஜனவரியிலிருந்து நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. தெரிந்து செய்யவில்லை என்ற அவர் தரப்பை ஏற்கவில்லை. அந்தத் தடைக்கும் 2014-ல் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. உடலுக்குள் போட்டுக்கொண்டது ஒன்று, உடலோடு பிறந்தது வேறொன்று. முதலாவதற்குத் தண்டனை உண்டு. இரண்டாவதற்கு இருக்கக் கூடாது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் இன்னொரு முகம் தெரியாமல் இருக்காது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள் சாந்தி சௌந்திரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். சில நாள்களிலேயே சோதனை நடத்திப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். அவரோடு பயோஷ்ணி மித்ரா இல்லை, டொரான்டோ வழக்கறிஞர்கள் இல்லை. மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்பதைச் சொல்லவும் ஆளில்லை. அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசை அப்படியே கொடுத்தார், அது பெரிய காரியம். ஆனால், விளையாட்டு அமைப்புகள் கைகழுவிவிட்டன. உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் அளவுக்குப் போய் மீண்டார் சாந்தி. பரிசுப் பணத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் தொடங்கினார். அதை நடத்தப் பணமில்லாமல், 2012-ல் மறுபடியும் செங்கல் சூளைக்கே கூலிக்குப் போனார். பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்து, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக நியமனம் பெற்றார். பதக்கம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

சாந்திக்கும் டூட்டிக்கும் நடுவே எட்டு ஆண்டுகள். இருவருக்கும் இருந்த மன உறுதியில் நான் ஏற்றத்தாழ்வு காணவில்லை. ஒருவருக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள், இன்னொருவருக்கு இல்லை. வித்தியாசம் அதுதான்.

இன்று விடுதிகளில் இருக்கும் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். அதிகாலை ஐந்து மணி விசிலுக்கு எழுந்து டிராக்கைச் சுற்றுகிறவர்கள். காலையில் ‘ஆம்பள மாதிரி ஓடு’ என்று விரட்டுகிற குரலே, மாலையில் ‘ஏன் ஆம்பள மாதிரி நடக்கிற?’ என்று கேட்கும். முடியை வெட்டினால் ஒரு பேச்சு, தோழியோடு ஒட்டிக்கொண்டு இருந்தால் ஒரு பேச்சு. பதினாறு வயதில் தனக்குள் என்ன நடக்கிறது என்று புரியாமல் தவிக்கிற பெண், அதை யாரிடம் கொண்டுபோவாள்? வார்டனிடம் சொன்னால் வீட்டுக்கு போன் போகும். வீட்டுக்குத் தெரிந்தால் பெட்டி கட்ட வேண்டும், கல்யாணப் பேச்சு தொடங்கும். ஓட்டம், படிப்பு, வேலைக் கனவு எல்லாம் அதோடு முடியும். அதனால் வாயைத் திறக்காமல் ஓடுகிறாள். ஸ்டாப்வாட்ச்சை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அவள் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

விதிகளோ இறுகிக்கொண்டே போகின்றன. 2018-ல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரை என்று சுருங்கிய ஹார்மோன் கட்டுப்பாடு, 2023-ல் எல்லா ஓட்டங்களுக்கும் விரிந்தது, எல்லை 2.5 நானோமோலுக்கு இறங்கியது. 2025 செப்டம்பர் முதல் உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால், ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு உடலில் உண்டா என்று பார்க்கும் சோதனையை ஒரு முறை செய்துகொண்டே ஆக வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுப்பார்கள், அல்லது ரத்தம் எடுப்பார்கள். சோதனை சுலபம். முடிவு எதிர்பாராததாக வந்தால், அதுவரை யாருக்கும், அவளுக்கேகூட, தெரியாத ஒன்றைப் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஒரு காகிதத்தில் படிப்பாள்.

அந்தக் காகிதம் முதலில் அவள் கைக்குத்தான் போக வேண்டும், சம்மேளனத்துக்கோ பத்திரிகைக்கோ அல்ல. அதைத் தமிழில், பொறுமையாக விளக்க ஒரு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் நம்பும் ஒருவரைக் கூட்டிவர அனுமதி வேண்டும். முறையிட எத்தனை நாள் அவகாசம், யார் உதவுவார்கள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அவள் சம்மதம் இல்லாமல் பயிற்சியாளருக்கோ பெற்றோருக்கோ தகவல் போகக் கூடாது. மாநிலத்தின் ஒவ்வொரு விளையாட்டு விடுதியிலும் இந்த நடைமுறை எழுத்தில் இருக்க வேண்டும். அதை எழுத உட்காரும் குழுவில் முதல் நாற்காலியை சாந்தி சௌந்திரராஜனுக்குப் போடுங்கள்.