ஜப்பானிய உணவகத்துக்குப் போகலாமா? சென்னை செல்லும் நம் குடும்பங்களுக்கு

சென்னைக்கு ஆஸ்பத்திரி வேலையாகவோ, பாஸ்போர்ட், கல்லூரி அட்மிஷன் என்றோ போகிற நம் குடும்பங்கள், வேலை முடிந்ததும் திருவல்லிக்கேணி, மண்ணடி, பெரியமேடு பக்கம் ஒரு பிரியாணிக் கடையைத் தேடுவதுதான் வழக்கம். இப்போது பிள்ளைகள் வேறொன்றைக் கேட்கிறார்கள். ஜப்பான் கார்ட்டூன்களைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, எங்கள் பெரணமல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் பிள்ளைக்கும் சுஷி, ராமென் என்ற பெயர்கள் பாடமாகிவிட்டன. "ஹஜ்ரத், பிள்ளைங்க ஒரே பிடிவாதம். கூட்டிட்டுப் போகலாமா? ரொம்ப செலவாகுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். தறிக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு முதல் கேள்வியைப் போலவே இரண்டாவதும் முக்கியம்தான்.

இதற்கு நம்மிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. "பச்சை மீனைத் தின்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதே" என்பது ஒன்று. "மீன்தானே, பன்றி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்" என்பது மற்றொன்று. இரண்டுமே விஷயம் தெரியாமல் சொல்லப்படுபவை. மீனைப் பச்சையாகச் சாப்பிடுவதால் அது ஹராமாகிவிடாது. மீனை அறுக்க வேண்டியதும் இல்லை. ஜப்பானிய உணவில் நாம் கவனிக்க வேண்டியது தட்டில் தெரியும் மீனை அல்ல, சமையலறை அலமாரியில் இருக்கும் இரண்டு பாட்டில்களை. ஒன்று சாக்கே, மற்றொன்று மிரின்.

சாக்கே என்பது அரிசியிலிருந்து வடிக்கும் மது. ஏறக்குறைய 15 சதவீதம் ஆல்கஹால் உள்ளது. மிரின் இனிப்பான அரிசி மது. அசல் மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. நாம் குழம்புக்குப் புளி கரைத்து ஊற்றுவது போல அவர்கள் மீன் வாடை போகவும், குழம்பு பளபளப்பாக வரவும் இவற்றை ஊற்றுகிறார்கள். "மிரின் சுவையூட்டி" என்ற பெயரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஆல்கஹால் உள்ள மலிவான வகையும் விற்கப்படுகிறது. ஒரு கடையில் எந்த வகை பயன்படுகிறது என்பது பாட்டில் லேபிளைப் பார்த்தால்தான் தெரியும்.

"அடுப்பில் கொதித்தால் ஆல்கஹால் ஆவியாகிவிடுமே" என்பார்கள். முழுவதும் போவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, உணவோடு கலந்து 15 நிமிடம் கொதித்த பிறகும் ஊற்றியதில் சுமார் 40 சதவீதம் மிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பின்பும் 25 சதவீதம் நிற்கிறது. ஜப்பானிய சாஸ் பலவும் சில நிமிடங்களே அடுப்பில் இருப்பவை. ஃபிக்ஹின் பார்வையில், எவ்வளவு மிஞ்சியது என்ற கணக்கு வருவதற்கு முன்பே, போதைக்கென்று காய்ச்சிய மதுவை உணவில் ஊற்றுவதே கூடாது என்பது பெரும்பாலான உலமாக்களின் நிலை.

எனவே டெரியாக்கி என்ற பெயருள்ள எதையும் கேட்காமல் வாங்காதீர்கள். அந்த மினுமினுப்பே பெரும்பாலும் மிரின் தருவது. உடோன் நூடுல்ஸின் சாறு, டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறு, இனிப்பு ஆம்லெட் ஆகியவற்றிலும் மிரின் இருக்கலாம். சைவ உணவு என்று நிம்மதி அடையவும் முடியாது. உணவுப் பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி, விலங்குப் பொருள் இல்லை என்று மட்டும்தான் சொல்லும். மதுவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சோயா சாஸின் கதை வேறு. ஜப்பானியர் ஷோயு என்று அழைக்கும் அது சோயா, கோதுமை, உப்பு ஆகியவற்றை மாதக்கணக்கில் நொதிக்க வைத்துச் செய்வது. நொதிக்கும்போது தானாகவே சிறிது ஆல்கஹால் உருவாகிறது. அதைக் குடித்துப் போதை ஏற்றிக்கொள்பவர் யாருமில்லை, மது என்ற நோக்கத்தில் செய்யப்படுவதும் இல்லை. ஆகவே சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் மார்க்க அமைப்புகள் இதை மதுவாகக் கருதுவதில்லை. ஹலால் சான்று பெற்ற சோயா சாஸும் கடைகளில் கிடைக்கிறது. சிலர் கெடாமல் இருக்கத் தனியாக ஆல்கஹால் சேர்ப்பதுண்டு. லேபிளைப் பார்க்க வேண்டியது அதற்காகத்தான்.

வினிகர் நமக்குப் புதியதல்ல. நபி (ஸல்) அவர்கள் சிர்காவை நல்ல தொடுகறி என்று புகழ்ந்த செய்தி முஸ்லிமில் இருக்கிறது. சுஷி என்ற சொல்லையே பலர் பச்சை மீன் என்று நினைக்கிறார்கள். உண்மையில் வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சோற்றில் செய்வதுதான் சுஷி. வெறும் பச்சை மீன் துண்டுகளுக்கு சஷிமி என்று பெயர். மது வினிகராக மாறினால் அதன் சட்டமும் மாறுகிறது. தானாக மாறியதா, எதையாவது சேர்த்து மாற்றப்பட்டதா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே நுணுக்கமான வேறுபாடு உண்டு. ஹலால் சான்று பெற்ற சுஷிக் கடைகளிலும் சோற்றுக்கு வினிகர்தான் கலக்கிறார்கள். சில சமையல்காரர்கள் இந்தச் சோற்றிலும் கொஞ்சம் மிரின் சேர்ப்பார்கள். அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கடலுக்கு வருவோம். ஒரே சுஷித் தட்டு காயல்பட்டினத்துச் சகோதரருக்கு ஒரு மாதிரியும், ஆரணிச் சகோதரருக்கு வேறு மாதிரியும் இருக்கும். நம் வடாற்காட்டுப் பக்கம் பெரும்பாலும் ஹனஃபி. கடலோரத்தில் ஷாஃபிஈ அதிகம். சால்மன், டூனா, அயிலை எல்லாம் மீன்கள். இவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கணவாயும் எட்டுக்கால் கொண்ட ஆக்டோபஸும் ஷாஃபிஈ மத்ஹபில் கூடும், ஹனஃபி மத்ஹபில் கூடாது. இறாலில் ஹனஃபி உலமாக்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதை மீன் வகையாக எண்ணி அனுமதித்தவர்களும் இருக்கிறார்கள், தவிர்ப்பதே நல்லது என்றவர்களும் இருக்கிறார்கள். நண்டு விஷயத்தில் பலரும் வியப்படைவார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் முக்கிய நூலான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலேயே நண்டு தடுக்கப்பட்டவற்றின் வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் சுஷிக் கடைகளில் "கலிஃபோர்னியா ரோல்" என்ற பெயரில் வரும் உருளையில் நண்டு என்று வைப்பது பெரும்பாலும் நண்டே அல்ல. மீன் சதையை அரைத்து, நண்டின் சுவையும் நிறமும் ஏற்றிய குச்சி அது. அதன் கலவையிலும் மிரின் இருக்க வாய்ப்புண்டு என்பதால் பாக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விலாங்கு மீனை ஹனஃபி நூல்கள் பெயர் சொல்லியே ஆகுமாக்கியிருக்கின்றன. ஜப்பானியரின் உனாகி அந்த விலாங்குதான். ஆனால் அதன் மேல் பூசிச் சுடும் சாஸில் மிரினும் சாக்கேயும் சேரும். மீன் ஹலால், சாஸில் சிக்கல்.

ஜப்பானியச் சாறுகளுக்கு அடிப்படையான தாஷியில் சேரும் கட்சுவோபுஷியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூரை மீனை வேகவைத்து, புகையில் காயவைத்து, மரக்கட்டை போல இறுகச் செய்து, சீவிப் போடுவது அது. கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கை வீடுகளில் புழங்கும் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. அந்த ஊர்க்காரர்களுக்கு அதன் வாசனை அன்னியமாகவே இராது.

பன்றியைப் பொறுத்தவரை பெயரிலேயே அடையாளம் உண்டு. ஜப்பானிய மொழியில் "டொன்", "புட்டா" என்று வந்தால் பன்றி. டொன்கட்சு என்பது பன்றி இறைச்சி வறுவல். டொன்கொட்சு ராமென் என்பது பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாறு. ராமெனின் மேல் வைக்கும் சாஷு, கொழுக்கட்டை போன்ற கியோசாவின் பூரணம் ஆகியவையும் வழக்கமாகப் பன்றிதான். கோழி கட்சு, கோழி ராமென் என்றால் அந்தக் கோழி யார் அறுத்தது, பன்றி வறுத்த எண்ணெயிலேயே இதையும் போட்டார்களா என்ற இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கும்.

சென்னையில் இந்தக் கடைகள் வந்ததற்குக் காரணம் நம் பக்கத்துத் தொழிற்சாலைகள்தான். நம்மூர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போகிற ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸ்ஸான் கார் ஆலை தொடங்கியது. யமஹா, கோமாட்சு போன்ற நிறுவனங்களும் அந்தப் பகுதியில் இருக்கின்றன. அங்கு வந்த ஜப்பானிய இன்ஜினியர்களுக்காகவே பல உணவகங்கள் முளைத்தன. ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கும் தேனாம்பேட்டை செனடாஃப் சாலையைச் சுற்றியும், ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம் பகுதிகளிலும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலையிலும் தேடினால் கிடைக்கும். நுங்கம்பாக்கம் காவேரி காம்ப்ளக்ஸில் இயங்கி வந்த டாலியா இந்த வகையில் பழைய பெயர்களில் ஒன்று. கம்பெனிச் செலவில் சாப்பிடுபவர்களை நம்பித் தொடங்கியதால் இரவு நேரத்து விலை நம் பைக்கு ஒத்துவராது.

செலவைக் குறைக்க வழி உண்டு. மதியம் போங்கள். சோறு, மிசோ சாறு, ஊறுகாய், ஒரு மீனோ கோழியோ சேர்ந்த மதியச் சாப்பாட்டுத் தட்டைத் தெய்ஷோக்கு என்பார்கள். நம் மீல்ஸ் போலத்தான். அதே பொருள்களை இரவில் தனித்தனியாக வாங்கினால் தொகை ஏறிவிடும். சஷிமி விலை அதிகமாக இருப்பதற்குக் காரணம், அந்த மீன் குளிரூட்டப்பட்டு வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருவது. பிள்ளைகளுக்கு ஆசை தீர வேண்டும் என்றால் வெள்ளரிக்காய் ரோல், சால்மன் ரோல் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொண்டு, வயிறு நிறையச் சோற்றோடு உப்பில் சுட்ட மீன் வாங்குங்கள். ஷியோயாக்கி என்று கேட்க வேண்டும். உப்பு மட்டுமே தடவிச் சுடுவது என்பதால் எனக்குத் தெரிந்து அந்தப் பட்டியலிலேயே சந்தேகம் குறைந்த சூடான உணவு அதுதான். வாடை போக முன்கூட்டியே சாக்கேயில் ஊறவைத்தீர்களா என்று மட்டும் கேட்டால் போதும். காய்கறி டெம்புரா வாங்கினால், தொடுசாறை விட்டுவிட்டு உப்பு கேளுங்கள். ஜப்பானியரும் அப்படிச் சாப்பிடுவதுண்டு, யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

நட்சத்திர ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களை நம் குடும்பங்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. விலை ஒரு பக்கம். பார் உரிமம் உள்ள இடம் என்பதால் பக்கத்து மேசையில் மது ஓடும். மது பரிமாறும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற நபிவழி எச்சரிக்கை திர்மிதியில் உண்டு. தனியாக இயங்கும் சிறிய உணவகங்களில் பல, பார் உரிமம் இல்லாமல் நடப்பவை. ஆனால் மேசையில் மது இல்லை என்பதால் சமையலறையிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "ஹலாலா?" என்று கேட்டால், பரிமாறும் தம்பி "ஆமாம் சார், போர்க் இல்லை" என்பார். அவருக்குத் தெரிந்த ஹலால் அவ்வளவுதான், அவர் மேல் குற்றமில்லை. பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இதில் மிரின் இருக்கிறதா, சாக்கே இருக்கிறதா, கோழி எங்கே வாங்குகிறீர்கள், எண்ணெய் தனியா? முந்தின நாளே தொலைபேசியில் கேட்பது இன்னும் நல்லது. கடை கூட்டமாக இருக்கும் நேரத்தில் சமையல்காரர் வந்து பதில் சொல்ல முடியாது. இந்தியாவில் அரசு தரும் ஹலால் சான்றிதழ் கிடையாது. சென்னையைச் சேர்ந்த ஹலால் இந்தியா, ஜம்இய்யத் உலமாயே ஹிந்தின் ஹலால் டிரஸ்ட் போன்ற தனியார் அமைப்புகள்தான் தருகின்றன. சுவரில் சான்று தொங்கினால் யார் தந்தது, எந்தத் தேதி வரை என்று படித்துப் பாருங்கள். பதில் தெளிவாக வராத உணவை விட்டுவிட்டுத் தெளிவானதைக் கேளுங்கள். கடையையே விட்டு எழுந்து வர வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்களுக்குப் பச்சை மீன் வேண்டாம். இது மார்க்கச் சட்டமல்ல, மருத்துவர்கள் சொல்வது. பச்சையாக உண்ணும் மீனை ஒட்டுண்ணிகள் சாக மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. வீட்டில் சந்தை மீனை வாங்கிச் சுஷி செய்து பார்க்கும் விளையாட்டையும் பிள்ளைகள் தவிர்க்கட்டும்.

மகன் வேலை பார்க்கும் ஊருக்கு விசிட் போகிற பெற்றோருக்கு இதெல்லாம் இன்னும் எளிது. சிங்கப்பூரில் முயிஸ் தரும் சான்று, மலேசியாவில் ஜாக்கிம் தரும் சான்று இரண்டையும் இணையத்தில் கடையின் பெயரைப் போட்டே சரிபார்க்கலாம். மலேசியாவில் சுஷி கிங் போன்ற சங்கிலிக் கடைகளில் தட்டுகள் சுழலும் பட்டையில் வரும். 1958-இல் ஒசாகா பக்கத்தில் மலிவு விலைக்காகவே தொடங்கிய முறை அது, குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். ஜப்பானுக்கே போனால், டோக்கியோவில் யோயோகி உஎஹாராவில் இருக்கும் டோக்கியோ ஜாமி பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, அங்கேயே உள்ள ஹலால் கடையில் பொருள் வாங்கலாம். அசகுசாவில் நரித்தயா என்ற ஹலால் ராமென் கடை இருக்கிறது. மற்ற கடைகளில் "புட்டா நாஷி, சாக்கே நாஷி, மிரின் நாஷி" என்று சொல்லுங்கள். நாஷி என்றால் "இல்லாமல்".