செவிலி இல்லம்

பழந்தமிழர் அகப்பொருள் நூல்களில் நற்றாய்க்கு அடுத்த நிலையில் செவிலி என்பாள் ஒருத்தி வருகின்றாள். அவள் தான் பெறாத மகளைத் தன் மடியில் வைத்து வளர்ப்பாள். அம்மகள் ஒருநாள் மனை நீங்கிப் பிறிதொரு மனைக்குச் செல்லுங்கால் பெற்றவளைப் போலவே வருந்துவாள். வளர்த்தல் அவள் கடமை. வைத்துக்கொள்ளுதல் அவள் உரிமை அன்று. வகுப்பில் அவளைப்பற்றிக் கற்றபொழுது, ஏட்டில் மட்டும் வாழ்பவளாகவே அவளை யாம் எண்ணியிருந்தோம். தூத்துக்குடிக் கடற்கரையிலுள்ள எம் இல்லத்தில் தெருநாய் ஒன்று நான்கு திங்கள் தங்கிச் சென்ற பின்னரே அவளது தொழிலின் அருமை எமக்கு விளங்கிற்று. அதனை ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

துன்புற்ற நாயொன்றைத் தெருவினின்று மீட்டவர்கள், அதற்கு நிலையான ஓர் இல்லம் கிடைக்கும்வரை ஒரு குடும்பத்தாரிடம் அதனை ஒப்புவிப்பர். அக்குடும்பத்தார் சில திங்கள் அதனைப் பேணி, மனிதரோடு வாழப் பழக்கி, பின்னர்த் தக்காரிடம் கொடுத்துவிடுவர். இதனையே செவிலி வளர்ப்பு என்கின்றோம். காப்பகங்கள் இருக்க இஃது எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். காப்பகத்தில் நாய்கள் பல ஒருங்கே அடைபட்டிருத்தலின் நோய் எளிதிற் பரவும். அஞ்சிய நாய் மேலும் அஞ்சும். அன்றியும், ஒரு நாய் குழந்தைகளோடு எங்ஙனம் பழகும், பாத்திரம் விழும் ஓசைக்கு மருளுமா, தனித்திருக்கப் பொறுக்குமா என்பன கூண்டில் வைத்து அறியத்தக்கன அல்ல. மேலும், ஓர் இல்லம் ஒரு நாயை ஏற்குமாயின் காப்பகத்தில் மற்றொரு நாய்க்கு இடம் கிடைக்கின்றது. ஆகவே ஓருயிர்க்குச் செய்த உதவி ஈருயிர்க்கு ஆகின்றது.

நம் நாட்டில் இத்தொண்டு புதிதன்று. விமான ஓட்டியாகிய கேப்டன் வி. சுந்தரம் என்பார், 1959ஆம் ஆண்டு சென்னையில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தம் மனைக்குக் கொண்டுவந்து பேணினார். அவரும் அவர்தம் மனைவியார் உஷா சுந்தரமும் குடும்பத்தினரும் தொடங்கிய அத்தொண்டே இந்திய புளூ கிராஸ் சங்கமாக வளர்ந்தது. தெருநாய்களைக் கொல்லுதலால் அவற்றின் தொகை குறையாது; கருத்தடை செய்தலே வழி என அச்சங்கம் 1960களிலேயே வற்புறுத்தியது. சென்னை மாநகராட்சி அம்முறையைக் கைக்கொள்ள 1996ஆம் ஆண்டு வரை ஆயிற்று. நடுவண் அரசு 2001இல் அதற்கென விதிகள் வகுத்து, 2023இல் அவற்றைப் புதுக்கிற்று. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல் அவ்விதிகளின் சாரம். ஆயினும் நோயுற்றதும், முடம்பட்டதும், தாயை இழந்த குட்டியும் உடனே தெருவில் விடத்தக்கன அல்ல. அவற்றிற்கே செவிலி இல்லங்கள் பெரிதும் வேண்டப்படுகின்றன.

எம் ஊருக்கு அத்தேவை 2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் வந்தது. அத்திங்கள் 17, 18ஆம் நாள்களில் பெய்த மழையை எம் மாவட்டத்தார் எளிதில் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, நகரத் தெருக்களில் நாட்கணக்காக நீர் நின்றது. மனிதர் மாடிகளில் ஏறித் தப்பினர். நாய்கள் மதில்மேலும், கவிழ்ந்த தோணிமேலும், உப்பளக் கரைகளிலும் ஒண்டி நின்றன. நீர் வடிந்த பின்னர், உப்பளக் கரையொன்றில் பின்னங்கால் காயமுற்றுக் கிடந்த பெண்நாய் ஒன்றை இளைஞர் சிலர் மீட்டனர். 2024 சனவரித் திங்களில் அது எம் இல்லம் புகுந்தது.

எம் இல்லமோ ஓய்வறியாதது. பாட்டி முதலாக நாலு வயதுத் தங்கை ஈறாக எண்மர் அதில் வாழ்கின்றோம். சிற்றப்பா விசைப்படகில் தொழில் செய்பவர். வைகறை நான்கு மணிக்குக் கதவைத் திறந்து செல்வார், இரவு ஒன்பது மணிக்குமேல் மீள்வார். தந்தையார் துறைமுகத்தில் முறைப்பணி செய்பவர். அவர் வரும் நேரம் கிழமைக்குக் கிழமை மாறும். அம்மா பள்ளி ஆசிரியை. இத்தகைய வீட்டில் நாய்க்கு இடமேது என்றே யாவரும் கேட்டனர். பாட்டியோ, "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதா?" என்று பழமொழியாலேயே வழக்கை முடித்துவிட்டாள். பின்புறத் தாழ்வாரம் மட்டும், அதுவும் கால் ஆறும்வரை மட்டும், என்ற உடன்பாட்டின்பேரிலேயே நாய் உள்ளே வந்தது. வந்த நாள் முதல் அது மூலையில் சுருண்டு, யார் அழைத்தும் முகம் காட்டாதிருந்தமையால், தங்கை அதற்குச் 'சிப்பி' எனப் பெயரிட்டாள்.

செவிலி இல்லத்தார் முதற்கண் செய்யத்தக்கது கால்நடை வைத்தியரிடம் காட்டுதல். அவர் சிப்பியின் காலுக்கு மருந்திட்டு, குடற்புழு நீக்கி, வெறிநோய்த் தடுப்பூசியும் இட்டார். வெள்ளத்திற்குப் பின் எலிக்காய்ச்சல் நாய்க்கும் மனிதர்க்கும் வரக்கூடும் என்றும், அது சிறுநீர் வழியாகப் பரவுமாதலின் தாழ்வாரத்தைக் கழுவுவோர் கையுறை அணிக என்றும் அறிவுறுத்தினார்.

அடுத்தது, நாயைத் தொந்தரவு செய்யாதிருத்தல். அன்பின் மிகுதியால் புதிய நாயை ஊரார்க்கெல்லாம் காட்டுதலும், தூக்குதலும், கொஞ்சுதலும் பெரும் பிழை. இத்தொண்டில் பழகியோர் ஒரு கணக்குக் கூறுவர். முதல் மூன்று நாள் அச்சம் தணிவதற்கு. மூன்று கிழமை வீட்டின் ஒழுங்கை அறிவதற்கு. மூன்று திங்கள் இஃது என் இடம் என உணர்வதற்கு. இக்கணக்கு எல்லா நாய்க்கும் அளந்து வைத்தாற்போல் பொருந்துவதன்று. ஆயினும் பொறுமையைக் கற்பிக்க வல்லது.

மூன்றாவது, வேலைப் பங்கீடு. ஓய்வறியா வீட்டில், 'யாரேனும் செய்வர்' என்று விடப்பட்ட வேலை யாராலும் செய்யப்படாது. ஆதலின் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். வைகறையில் வெளியே கொண்டுசெல்லுதல் சிற்றப்பா கடன்; காலையுணவு அம்மா; நண்பகல் நீர் பாட்டி; மாலை நடை எம்முடையது; கதவுத் தாழை இருமுறை பார்த்தல் அனைவர் கடன். சோற்றோடு முள் நீக்கி வேகவைத்த மீன் அதன் உணவாயிற்று. வெந்த எலும்பும் முள்ளும் தொண்டையையும் குடலையும் கிழிக்கும். வெங்காயமும், திராட்சையும், சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. 'தெருவில் எதனையும் தின்ற நாய்தானே' என்னும் எண்ணம் தவறானது. தின்று இறந்த நாய்களை நாம் எண்ணுவதில்லை.

நான்காவது விதியை யாம் எழுதாது விட்டோம். அதன் பயனை மூன்றாம் கிழமையில் துய்த்தோம். உண்ணும் நாயின் அருகே குழந்தை செல்லலாகாது என்பதே அவ்விதி. ஒருநாள் மாலை, நடைக்குரிய யாம் புத்தகத்தில் ஆழ்ந்திருந்தவேளை, தங்கை சிப்பியின் தட்டில் கைவைத்தாள். ஒரு சீற்றம், ஓர் அலறல். தங்கையின் புறங்கையில் பல் உராய்ந்த கீறல் ஒன்று தோன்றியது. குருதி கசியவில்லை. ஆயினும் அவ்விரவு எம் வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை.

இவ்விடத்து வாசகர் கட்டாயம் அறியத்தக்கது ஒன்று உண்டு. வெறிநாய்க்கடி நோய் குறி தோன்றிய பின் பெரும்பாலும் உயிர் கொண்டே செல்லும்; குறி தோன்றுமுன் முறைப்படி மருத்துவம் செய்யின் தடுத்துவிடலாம். கடியோ கீறலோ பட்டவுடன் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் இடைவிடாது கழுவுதல் வேண்டும். மிளகாயும், சுண்ணாம்பும், மஞ்சளும் அப்புதல் தீங்கு. அன்றே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். தோலினுள் இடும் முறையில் அந்நாளிலும், 3, 7, 28ஆம் நாள்களிலும் ஊசி இடுவர். குருதி கசிந்த புண்ணாயின் ஊசியோடு, புண்ணைச் சுற்றி எதிர்ப்பு மருந்தும் செலுத்துவர். 'வளர்ப்பு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே' என்று வாளாவிருத்தல் ஆகாது. கடித்த நாயைக் கொல்லாது பத்து நாள் கட்டிக் கண்காணித்தல் வேண்டும். அந்நாள்களில் அது நலமாயிருப்பின், கடித்த காலத்து அதன் எச்சிலில் அந்நோய் இல்லையெனத் தெளியலாம்.

அப்பத்து நாளும் எம் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது எனலாம். நாயைத் திருப்பி அனுப்புக என்றார் தந்தையார். அவர் கூற்றில் பிழை காண யார்க்கு இயலும்? குழந்தையின் உயிரினும் பெரிது எது? ஆனால், பசியறிந்த நாய் தன் தட்டைக் காத்தது. காக்க வேண்டிய குழந்தையை யாமே காவாது விட்டோம். குற்றம் எம்முடையது, தண்டனை நாய்க்கோ என்று எம் உள்ளம் கேட்டது. அதனை வெளிப்படக் கூறும் துணிவு எமக்கு இல்லை. முடிவு எதிர்பாரா இடத்திலிருந்து வந்தது. பத்து நாளும் தாழ்வாரத்து வாயிலில் நாற்காலி இட்டு, சிப்பி உண்ணும்வரை காவலிருந்தவள் பாட்டியே. பதினோராம் நாள் அவள், "பிள்ளையைப் பார்க்காதது நம் குற்றம். இனி இது தின்னும்போது நான் இங்கே இருப்பேன்" என்றாள். அதன்மேல் எவரும் பேசவில்லை. நான்காம் விதி சுவரிலும் எழுதப்பட்டது.

அதன்பின் மாற்றங்கள் சிறுகச் சிறுக வந்தன. சிப்பி பெயர்க்குத் திரும்பினாள், வாசற்படிவரை வந்தாள், மாதா கோவில் மணியோசைக்கு நடுங்குவதை விட்டாள். கருத்தடை அறுவையும் நிறைவேறிற்று. ஏப்ரல் 15ஆம் நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியபின், கரையிலிருந்த சிற்றப்பா நாள்தோறும் இருமுறை அவளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். மே மாதத்தில் அவள் காலில் முடம் இருந்ததென்று சொன்னால்தான் தெரியும்.

அப்பொழுதுதான் செவிலியின் வருத்தம் எமக்கு வந்தது. கோவிற்பட்டிப் பக்கத்துச் சிற்றூரில் ஆடு வளர்க்கும் முதியோர் இருவர் சிப்பியைக் கேட்டனர். சுற்றுச்சுவர் உண்டா, தடுப்பூசி ஆண்டுதோறும் இடுவீரா, வெளியூர் செல்லின் யார் பார்ப்பார், இயலாதபொழுது தெருவில் விடாது எம்மிடமே தருவீரா என வினவ வேண்டியவற்றையெல்லாம் வினவினோம். ஏதேனும் ஒரு வினாவுக்கு அவர்கள் தவறான விடை கூறமாட்டார்களா என்று உள்ளூர விரும்பியதையும் மறைப்பதற்கில்லை. அவர்கள் எல்லாவற்றிற்கும் நல்ல விடையே கூறினர். தடைக்காலம் நீங்கினால் சிற்றப்பா மீண்டும் கடலில், யாம் கல்லூரியில், பாட்டியின் முழங்காலோ நடைக்கு உதவாது. வைத்துக்கொள்ளுதல் எமக்கு இன்பம்; கொடுத்தல் அவளுக்கு நன்மை. கொடுத்தோம்.

காயமுற்றவனைச் சாவடிக்குக் கொண்டுசென்ற நல்ல சமாரியனையே நாம் எப்பொழுதும் புகழ்கின்றோம். ஆனால் அவன் மறுநாள் தன் வழியே சென்றான். புண்ணாறும்வரை பேணும் பொறுப்பு சாவடிக்காரனிடம் விடப்பட்டது. அவன் பெயரையும், அவன் விழித்திருந்த இரவுகளையும் உவமை கூறவில்லை. செவிலி இல்லத்தார் அச்சாவடிக்காரனைப் போன்றவர்.

ஒரு திங்கள் கழித்துச் சிப்பியைக் கண்டுவந்தோம். மணமனை சென்று மீண்ட செவிலி, மகள் இல்லறம் நடத்தும் சிறப்பை நற்றாய்க்கு உரைப்பதாகக் குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. அம்முறையே யாமும் பாட்டிக்கு உரைத்தோம். எம்மைக் கண்டதும் ஓடிவந்தாள். விடைபெற்றபொழுது எம்மைத் தொடராமல் ஆட்டுப்பட்டி வாயிலில் படுத்துக்கொண்டாள் என்றோம். "மீன் கொடுக்கிறார்களா?" என்று பாட்டி கேட்டாள். கிழமைக்கு ஒருமுறை என்றோம். சற்றுநேரம் அவள் ஒன்றும் கூறவில்லை. பின்னர், தாழ்வாரத்து மூலையிலிருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்படி எம்மைப் பணித்தாள், எறிந்துவிடும்படி கூறவில்லை.