செவிலிமேட்டில் நின்ற வேன்... பாட்டிக்கு வரதர் தரிசனம் கிடைத்ததா?

வந்தவாசியிலிருந்து காஞ்சிபுரம் வரும் வழி. செவிலிமேடு பாலாற்றுப் பாலம் தாண்டியதும் வேனின் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி! வேனில் 11 பேர். பாட்டிக்கோ நடை சாத்தும் முன் வரதராஜரைப் பார்த்தாக வேண்டும்.

"இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, ஓட்டிடுங்க" என்றார் சித்தப்பா. டிரைவர் அண்ணன் மறுத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. கொதிக்கிற இன்ஜினை ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். சின்னச் செலவு பெரிய செலவாகும். ரேடியேட்டர் மூடியையும் உடனே திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

ஹோஸ் கிழிந்திருந்தது. 1033 உதவி எண் தேசிய நெடுஞ்சாலைகளுக்குத்தான். நாங்கள் நின்றது மாநிலச் சாலை. உங்கள் இன்ஷூரன்ஸில் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. தெரிந்தவர் மூலம் மெக்கானிக் வரவே ஒன்றரை மணி நேரம்.

அதற்குள் நடை சாத்திவிட்டார்கள். பாட்டி அசரவில்லை. "சாலைக் கிணத்துக்கு ஆட்டோ பிடி" என்றார். விந்தியக் காட்டில் தனித்துவிடப்பட்ட ராமாநுஜரை, வேடுவத் தம்பதியாக வந்து வரதரும் தாயாரும் கொண்டுவந்து சேர்த்த இடம் அது என்பது ஐதீகம். பிறகு அங்கிருந்து தினமும் வரதருக்குத் தீர்த்தம் சுமந்தாராம் ராமாநுஜர்.

"அவரே இங்க நின்னுட்டுத்தான்டா போனாரு" என்றார் பாட்டி. சாயங்காலம் நடை திறந்தபோது, வரிசையில் முதல் ஆளாக நின்றதும் அவர்தான்.