ஒரு கம்பெனி என்ன விலை?

டிப்ளமோ படிக்கிறவனுக்குக் கம்பெனி வாங்கி விற்கிற கதை எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கலாம். முதலீட்டு வங்கிக்காரர்கள் போடும் விலைக் கணக்கில் பாதி, நம்ம பட்டறைச் சமாச்சாரம்தான்!

பழைய லேத் ஒன்றை எப்படி விலை பேசுவோம்? இரும்பு எடைக்கு என்ன கிடைக்கும், இதே மாதிரி லேத் வேறு இடத்தில் எவ்வளவுக்குப் போச்சு, இன்னும் எத்தனை வருஷம் ஓடிச் சம்பாதித்துக் கொடுக்கும்? கம்பெனிக்கும் இதே மூன்று கேள்விதான்.

எடைக் கணக்கு, அதாவது சொத்துக் கணக்கு, பெரும்பாலும் மூடப்போகிற கம்பெனிக்கே சரிப்படும்.

ஒப்பீட்டுக்கு வருவோம். ஒரு வார்ப்படத் தொழிற்சாலை, வட்டி, வரி, தேய்மானம் கழிக்குமுன் வருஷம் 1 கோடி சம்பாதிக்கிறது. அதே ரகத் தொழிற்சாலைகள் இந்த லாபத்தைப்போல் 5 மடங்குக்கு விற்றிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பு 5 கோடி. கடன் 2 கோடி இருந்தால் பங்குதாரர் கைக்கு வருவது 3 கோடிதான். பேப்பரில் பெரிய தொகையைப் பார்த்தால், கடனோடு சேர்த்தா, நீங்கலாகவா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். அடுத்த வருஷம் வரப்போகும் 110 ரூபாய்க்கு, 10 சதவீதக் கணக்கில், இன்றைய மதிப்பு 100 ரூபாய். இப்படியே வருங்கால ரொக்கத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்ட வேண்டும். வருஷம் தவறாமல் 1 கோடி வந்துகொண்டே இருக்குமென்றால், 10 சதவீதத்தில் மதிப்பு 10 கோடி. 12.5 சதவீதம் என்று போட்டால் 8 கோடி. ஒரு மெஷின்கூட மாறவில்லை, ஆனால் 2 கோடி காணோம்! உலை எத்தனை வருஷம் தாங்கும், உள்செங்கல் மாற்ற என்ன செலவு என்ற அனுமானங்களும் இதற்குள்தான் இருக்கின்றன. அதைச் சொல்ல எம்.பி.ஏ. படித்தவரால் மட்டும் முடியாது என்பது என் கட்சி.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது: இரண்டு கம்பெனியும் சேர்ந்தால் கிடைக்கும் கூடுதல் ஆதாயம். வாங்குபவர் அதிக விலை கொடுக்கச் சொல்லும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டாடா ஸ்டீல், பிரிட்டன்–நெதர்லாந்துக் கம்பெனியான கோரஸை வாங்கிய கதையைப் பாருங்கள். இந்தியாவில் மலிவாக எஃகு உருக்கி, ஐரோப்பாவில் உயர்ரகமாக முடித்து விற்கலாம் என்பது கணக்கு. 2006 அக்டோபரில் பங்குக்கு 455 பென்ஸ் தருவதாகச் சொன்னார்கள். பிரேசிலின் சி.எஸ்.என். போட்டிக்கு வந்தது. 2007 ஜனவரி கடைசியில் ஏலம். சி.எஸ்.என். 603 வரை வந்து நின்றது. டாடா 608-இல் ஜெயித்தது. சுமார் மூன்றே மாதத்தில் விலை ஏறக்குறைய 34 சதவீதம் ஏறிவிட்டது. அதற்குள் கோரஸின் உலைகள் அவ்வளவு மாறியிருக்குமா என்ன?

2008-இல் உலகப் பொருளாதாரச் சரிவு. பிறகு சீனாவின் மலிவு எஃகு. கணக்குப் போட்ட விலைக்கு எஃகு விற்கவில்லை. 2016-இல் பிரிட்டனின் ஸ்கன்தார்ப் ஆலை உள்ளிட்ட பிரிவு, பேருக்கு ஒரு பவுண்டு விலையில் கைமாறியது. 2024 செப்டம்பரில் போர்ட் டால்பட்டின் கடைசி ஊதுலையும் அணைக்கப்பட்டது. நெதர்லாந்தின் ஐமுய்டன் ஆலையில் மட்டும் ஊதுலை டாடாவின் கையில் இன்றும் எரிகிறது.